அனுமதிச் சீட்டு இல்லாத கிதார்கள்

தொழிலாளர்களின் அரசு என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒரு அரசு, தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள்மேல் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. நாய்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. தடியால் அடித்தது. பிடிபட்டவர்களில் ஒரு பகுதியைப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலை செய்ய அனுப்பியது. அந்தப் பிள்ளைகள் ஆலையைக் கொளுத்தியவர்கள் அல்ல. எதிரி நாட்டுக்கு உளவு சொன்னவர்களும் அல்ல. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: எங்க பாட்டை எங்களுக்கு விடு. ஊர் லைப்சிக். நாடு கிழக்கு ஜெர்மனி. நாள் 1965 அக்டோபர் 31, ஞாயிற்றுக்கிழமை.

ஊரில் ஆயிரம் பிரச்சினை இருக்க, செத்துப்போன ஒரு நாட்டின் பாட்டுக் கச்சேரியைப் பற்றித் தலையங்கமா என்று தோழர்கள் கேட்கலாம். செத்துப்போன நாடுதான். 1949 அக்டோபர் 7இல் பிறந்து, 1990 அக்டோபர் 3இல் வரைபடத்திலிருந்து மறைந்துபோனது. ஆனால் அது எந்த நோயில் செத்தது என்று பார்ப்பது உயிரோடு இருப்பவர்களின் வேலை. கம்யூனிஸ்டுகளைத் திட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை. அந்த வேலையைச் சந்தைக்காரர்கள் நம்மைவிட நன்றாகவே செய்கிறார்கள். என் கேள்வி வேறு. மக்களின் பெயரால் பேசுகிறவர்கள் - நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் - மக்களின் காதைக் கண்டு ஏன் பயப்படுகிறோம்?

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

1958 ஜனவரியில் கிழக்கு ஜெர்மனி அரசு ஒரு விதி போட்டது. நடன அரங்கானாலும் வானொலியானாலும், வாசிக்கிற பாட்டில் நூற்றுக்கு 60 பங்கு உள்நாட்டிலோ பிற சோஷலிச நாடுகளிலோ பிறந்ததாக இருக்க வேண்டும். மேற்கத்தியப் பாட்டு 40 பங்குக்கு மேல் போகக் கூடாது. அதோடு நிற்கவில்லை. ராக் அண்ட் ரோல் ஆட்டத்துக்கு மாற்றாக 1959இல் ஒரு நடனத்தையே தயாரித்து இறக்கினார்கள். பெயர் 'லிப்சி'. லைப்சிக் நகரத்தின் லத்தீன் பெயரிலிருந்து எடுத்த பெயர். ஆறு நான்கு தாளம், கண்ணியமான ஜோடி நடனம், நாடு முழுக்கப் பிரச்சாரம். எல்லாம் இருந்தது, ஆடத்தான் ஆளில்லை. அதே ஆண்டில் லைப்சிக் தெருவில் இளைஞர்கள் கூட்டமாகப் போய், லிப்சி வேண்டாம், எல்விஸ் பிரெஸ்லிதான் வேண்டும் என்று கத்தினார்கள். அந்தக் கத்தலுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆட்டத்தை அரசாங்கம் அச்சடித்துக் கொடுக்க முடியுமா? கொடுக்கலாம், அதை வாங்க வேண்டியது உடம்பு. உடம்புக்குத் தலைமைக் குழுவின் தீர்மானம் புரியாது.

1961 ஆகஸ்ட் 13இல் பெர்லின் சுவர் எழுந்தது. சுவர் மனிதனைத் தடுக்கும். வானொலி அலையைத் தடுக்குமா? பையன்கள் ரேடியோ லக்சம்பர்க் கேட்டார்கள், மேற்கு பெர்லின் நிலையங்களைக் கேட்டார்கள். கட்சியின் இளைஞர் அமைப்பான 'சுதந்திர ஜெர்மன் இளைஞர்' ஆட்கள் அந்த ஆண்டு வீட்டுக் கூரைகளில் ஏறி, மேற்கைப் பார்த்திருந்த ஆண்டெனாக்களைத் திருப்பி வைத்தார்கள். புரட்சி கூரைமேல் ஏறியது கம்பியை முறுக்குவதற்காக! அவர்கள் இறங்கிப் போன பிறகு கம்பி மறுபடி எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

இடையில் ஒரு நல்ல காலமும் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1963 செப்டம்பரில் கட்சியின் அரசியல் குழு இளைஞர்கள் பற்றி ஓர் அறிக்கை விட்டது. இளைஞர்களை நம்புங்கள், அவர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்பது அதன் சாரம். 1964இல் பெர்லினில் நடந்த பெரிய இளைஞர் சந்திப்புக்காகத் தொடங்கிய 'டி.டி. 64' வானொலி நிகழ்ச்சி, சந்திப்பு முடிந்த பிறகும் தொடர்ந்தது. அரசின் இசைத்தட்டு நிறுவனமான அமிகா 1965இல் பீட்டில்ஸ் தட்டு ஒன்றை வெளியிட்டது. கட்சியின் இளைஞர் அமைப்பே கிதார் குழுக்களுக்குப் போட்டி வைத்தது. அந்த ஆண்டு வசந்தத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங் வந்து ஊர் ஊராக ட்ரம்பெட் வாசித்தார். அரங்கம் நிறைந்தது. ஒடுக்கப்பட்ட கறுப்பு அமெரிக்காவின் கலைஞர் என்று அவருக்கு மரியாதை செய்தார்கள்.

பிறகு ஆறே மாதத்தில் எல்லாம் தலைகீழ்.

1965 செப்டம்பர் 15இல் மேற்கு பெர்லினில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரி முடிந்ததும் ரசிகர்கள் நாற்காலிகளை உடைத்து ரகளை செய்தார்கள். பாருங்கள், இந்த இசை இளைஞனை இப்படித்தான் ஆக்கும் என்று சொல்லக் கிழக்கில் காத்திருந்தவர்களுக்கு அது போதுமானதாயிற்று. கட்சிக்குள் ஏற்கனவே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. வால்டர் உல்பிரிஷ்ட்டின் சீர்திருத்தங்கள் பிடிக்காத அணி இருந்தது. எரிக் ஹோனெக்கர் அந்த அணியின் முக்கியப் புள்ளி. பொருளாதாரத்தில் நேராக மோதுவதைவிடக் கலாச்சாரத்தில் மோதுவது சுலபம். பையன்களின் முடி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

முடி என்று பேச்சுக்காகச் சொல்லவில்லை. அந்த அக்டோபரில் சில பள்ளிகளில் இளைஞர் அமைப்பின் ஆட்களே நீளமுடி வைத்த மாணவர்களைப் பிடித்து முடியை வெட்டினார்கள். லைப்சிக்கின் கட்சி நாளேடு, பீட் இசை வாசிக்கிறவர்கள் குரங்குகளைப் போல நடந்துகொள்கிறார்கள், அர்த்தமில்லாத சத்தம் போடுகிறார்கள் என்று எழுதியது. அழுக்கு உடை, சடைமுடி, குரங்கு, சத்தம். இந்தச் சொற்களை நாம் இதற்கு முன் கேட்டதே இல்லையா தோழர்களே? யாரைப் பற்றிக் கேட்டோம், யார் வாயிலிருந்து கேட்டோம் என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒருவரின் இசையைச் சத்தம் என்று சொல்கிறவன் அதற்கு முன்பே அவரை மனிதர் என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறான்.

இதில் ஒரு பெரிய முரண் இருக்கிறது. ராக் அண்ட் ரோல் யாருடைய தாளம்? சக் பெர்ரியும் லிட்டில் ரிச்சர்டும் கறுப்பர்கள். பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் அந்தக் கறுப்புப் பாட்டைப் படித்துப் பாடியவர்கள். வசந்தத்தில் ஆம்ஸ்ட்ராங்குக்கு எழுந்து நின்று கைதட்டிய அரசு, இலையுதிர்காலத்தில் அதே மரத்தின் இன்னொரு கிளையைக் குரங்குச் சத்தம் என்றது. விருந்தாளியாக வந்து நிற்கும்வரை ஒடுக்கப்பட்டவர் நல்லவர். அவருடைய தாளம் நம் வீட்டுப் பிள்ளையின் இடுப்பில் ஏறிக்கொண்டால் ஆபத்து!

லைப்சிக்கில் பெரும்பாலான குழுக்களின் உரிமம் பறிக்கப்பட்டது. ஊரில் மிகவும் பிரபலமாக இருந்த 'பட்லர்ஸ்' குழுவுக்கும் தடை. பதின்ம வயதுப் பையன்கள் சிலர் துண்டறிக்கை போட்டு, கண்டன ஊர்வலத்துக்கு அழைத்தார்கள். போகக் கூடாது என்று பள்ளிக்கூடங்களில் எச்சரித்தார்கள். விஷயம் தெரியாதவனுக்கும் எச்சரிக்கையால்தான் தெரிந்தது. இரண்டாயிரம் பேருக்குமேல் சதுக்கத்தில் கூடினார்கள். அதில் சாதா உடுப்பில் வந்த அரசாங்க ஆட்களும் கணிசம். 260 பேருக்குமேல் கைது. ஏறத்தாழ 100 பேர் முறையான தீர்ப்பு எதுவும் இல்லாமலே வாரக்கணக்கில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார்கள்.

டிசம்பரில் கட்சியின் மத்தியக் குழு கூடியது. பதினோராவது முழுநிறைக் கூட்டம் என்று அதற்குப் பெயர். மேற்கிலிருந்து வருகிற குப்பையையெல்லாம் நாமும் நகல் எடுக்கத்தான் வேண்டுமா என்று உல்பிரிஷ்ட் அங்கே கேட்டார். பீட்டில்ஸ் பாட்டின் 'யே யே யே' ஒலியை அவர் கிண்டலடித்த பேச்சு அந்த நாட்டு மக்களின் ஞாபகத்தில் கடைசிவரை நின்றது. பாட்டோடு தொடங்கியது பாட்டோடு நிற்கவில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பின் அந்த ஆண்டின் திரைப்படங்களில் பெரும்பகுதி பெட்டிக்குள் போனது. எழுத்தாளர்கள், நாடகக்காரர்கள் எல்லோருக்கும் அடி. தாளத்தை முதலில் பிடிக்கிற கை சொல்லைப் பிறகு பிடிக்கும்.

*

தடை என்றால் எல்லோருக்கும் புரிகிறது. எனக்கு அதைவிடப் பயங்கரமாகத் தெரிவது அனுமதி.

கிழக்கு ஜெர்மனியில் ஒரு குழு மேடையேற வேண்டுமானால் முதலில் ஒரு கமிஷன் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். கமிஷன் தரம் பிரிக்கும். அடிப்படை நிலை, நடு நிலை, மேல் நிலை, சிறப்பு நிலை என்று படிகள். எந்தப் படியோ அதற்கேற்ப மணிக்கு இவ்வளவு கூலி. கையில் ஓர் அட்டை தருவார்கள். அட்டை இருந்தால் நீ இசைக்கலைஞன். இல்லாவிட்டால் உன் கிதார் வெறும் கட்டை. நடன அரங்கில் இசைத்தட்டு போடுகிறவருக்கும் அரசுத் தேர்வும் உரிமமும் உண்டு. வாசித்த பாட்டின் பட்டியலை எழுதிக் கொடுக்க வேண்டும், 60க்கு 40 சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பட்டியலில் எழுதுவது ஒன்று, மேடையில் வாசிப்பது இன்னொன்று என்று ஆகிப்போனது. வேறென்ன ஆகும்?

நான் வங்கியில் எழுத்தர். நாளெல்லாம் படிவங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். படிவத்தின் சுபாவம் எனக்குத் தெரியும். அதில் கட்டம் இருந்தால் நிரப்பியாக வேண்டும். ஆளின் வாழ்க்கை கட்டத்துக்குள் அடங்கவில்லையென்றால் வாழ்க்கையைத்தான் சுருக்குவோம், கட்டத்தை யாரும் பெரிதாக்க மாட்டார்கள். பணத்துக்கு அது தேவையாக இருக்கலாம். பாட்டுக்கும் அதே கட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரென்ஃப்ட் குழுவின் கதையே சாட்சி.

பட்லர்ஸ் குழுவை நடத்திய கிளவுஸ் ரென்ஃப்ட் பிறகு தன் பெயரிலேயே குழு நடத்தினார். 1971இல் உல்பிரிஷ்ட் போய் ஹோனெக்கர் வந்திருந்தார். முடிக்கு எதிராகப் போர் நடத்திய அதே ஆள், ஆட்சி கைக்கு வந்ததும் கொஞ்சம் கதவைத் திறந்தார். 1973இல் உலக இளைஞர் விழா பெர்லினில் நடந்தபோது உலகத்துக்குக் காட்ட ராக் குழுக்கள் தேவைப்பட்டன. ரென்ஃப்ட் குழு அமிகாவில் இரண்டு தட்டுகள் போட்டது. பாட்டெழுதியவர்களில் ஒருவர் கெருல்ஃப் பன்னாக். ராணுவத்தில் துப்பாக்கி எடுக்க மறுக்கிறவன், நாட்டைவிட்டுத் தப்பிப்போக நினைக்கிறவன் என்று யாரும் பேசக் கூடாதவர்களைப் பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

1975 செப்டம்பர் 22. உரிமத்தைப் புதுப்பிக்க லைப்சிக் கமிஷன் முன் போனார்கள். வாசித்துக் காட்ட விடவே இல்லை. பாட்டு வரிகள் தொழிலாளி வர்க்கத்தையும் அரசையும் அவமதிக்கின்றன என்றார்கள். அப்படியானால் எங்களைத் தடை செய்கிறீர்களா என்று குழு கேட்டது. தடை இல்லை, நீங்கள் இனிமேல் இல்லை என்று பதில் வந்தது. அந்த உரையாடலைக் குழுவினர் ரகசியமாக நாடாவில் பதிவு செய்துவைத்ததால் அது நமக்குத் தெரிகிறது. தடை என்றால்கூட எதிரே ஒரு ஆள் இருக்கிறான் என்று ஒப்புக்கொள்வதாகும். 'நீ இல்லை' என்பது வேறு. பதிவேட்டில் இல்லாதவன் உலகத்திலும் இல்லை.

அடுத்த ஆண்டு, 1976 நவம்பரில், பாடகர் வுல்ஃப் பியர்மன் மேற்கில் கச்சேரி நடத்தப் போயிருந்தபோது அவருடைய குடியுரிமையைப் பறித்தார்கள். அவர் கம்யூனிஸ்ட், அவருடைய தந்தை ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்ட யூதர், கம்யூனிஸ்ட். பியர்மன் 1953இல் விரும்பி கிழக்குக்கு வந்தவர். இந்த நடவடிக்கையை எதிர்த்த பன்னாக்கையும் ரென்ஃப்ட் குழுவின் கிறிஸ்டியான் குனெர்ட்டையும் சிறையில் போட்டு, 1977 ஆகஸ்டில் மேற்குக்குத் துரத்தினார்கள். தொழிலாளி வர்க்கத்தை அவமதித்ததாகச் சொல்லப்பட்டவர்களின் கச்சேரிக்கு வந்து நின்றவர்கள் யார்? ஆலைப் பயிற்சியாளர்களும் தொழிலாளிப் பையன்களும்தான். வர்க்கம் அரங்கத்தில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. அதன் மானத்தைக் கமிஷன் அறையில் உட்கார்ந்து யாரோ காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அட்டை வாங்கியவர்கள் எல்லோரும் விலைபோனவர்கள் அல்ல. பூடிஸ், காரட், சிட்டி, சில்லி போன்ற குழுக்கள் அரசின் மேடையில் நின்றே, வரிகளுக்கு நடுவே பேசும் ஒரு மொழியைக் கண்டுபிடித்தன. கேட்கிறவனும் நடுவரியைக் கேட்கப் பழகினான். அதேபோல இளைஞர் எல்லோரும் கலகக்காரர்களும் அல்ல. காலையில் அமைப்பின் நீலச்சட்டை, மாலையில் ஜீன்ஸும் பச்சைப் பார்க்கா கோட்டும். இரண்டும் ஒரே பையன். 1970களில் நீளமுடியும் பார்க்காவுமாகச் சாலையோரம் கைகாட்டி லாரி ஏறி, சாக்ஸனி, துரிங்கியா கிராமங்களின் நடன அரங்குகளுக்கு ப்ளூஸ் கேட்கப் போன கூட்டம் எந்தத் தத்துவமும் பேசவில்லை. வாரக் கடைசி ரெண்டு நாள் எங்களை யாரும் வரையறுக்க வேண்டாம் என்பதே அவர்கள் சொன்ன அரசியல். அடையாளம் என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அது அங்கே இவ்வளவு எளிமையாக இருந்தது: யார் தைத்த சட்டை, யார் தேர்ந்த பாட்டு, யார் வெட்டும் முடி.

அந்த எளிய ஆசையை அரசுதான் எதிர்ப்பாக மாற்றியது. 1980களின் தொடக்கத்தில் பங்க் வந்தது. 1983இல் உளவுத்துறை அமைச்சர் எரிக் மீல்கே கடுமையாக நடந்துகொள்ள உத்தரவிட்டார். 'நாமென்லோஸ்' என்றொரு பெர்லின் குழு. 'பெயரற்றோர்' என்று பொருள். பாட்டு வரிகளுக்காக அதன் உறுப்பினர்களுக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை சிறை. நாத்திக அரசின் பங்க் பிள்ளைகளுக்கு வாசிக்க இடம் கொடுத்தவை தேவாலயங்கள். சரித்திரத்துக்கும் நையாண்டி தெரியும். 1992இல் ஸ்டாசி கோப்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்குத் திறக்கப்பட்டபோது இன்னொரு காயமும் தெரிந்தது. பங்க் குழுக்களுக்குள்ளேயே தகவல் சொன்னவர்கள் இருந்தார்கள். கூட நின்று டிரம்ஸ் அடித்தவன் கோப்புக்கும் எழுதிக்கொடுத்திருக்கிறான்.

1987 ஜூனில் டேவிட் போவி மேற்கு பெர்லினில், சுவரை ஒட்டிப் பாடினார். அடுத்தடுத்த நாள் வேறு குழுக்கள். கிழக்குப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற இளைஞர்களைப் போலீஸ் விரட்டியது. பாட்டுக் கேட்க வந்தவன், சுவர் ஒழிக என்று கத்திவிட்டுப் போனான். அரசு அதன் பிறகு புத்தி மாற்றியது. விரட்டி முடியவில்லை, நாமே கூட்டிவந்து காட்டிவிடுவோம் என்று 1988 ஜூலை 19இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனை அழைத்தது. வைசன்சே சைக்கிள் பந்தய மைதானத்தில் ஒன்றரை லட்சம் பேருக்குமேல் கூடினார்கள். தடைகள் எல்லாம் ஒருநாள் இடியும் என்ற நம்பிக்கையில் பாட வந்திருக்கிறேன் என்று அவர் ஜெர்மன் மொழியிலேயே சொன்னார். காலம் கடந்து திறந்த கதவு. வீட்டுக்காரனுக்கு நன்றி சொல்ல யாரும் அங்கே நிற்கவில்லை.

இனி முக்கியமான இடம். 1989 செப்டம்பர் 18இல் அந்த நாட்டு ராக் இசைக்காரர்களும் பாடகர்களும் ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். கச்சேரிக்கு முன்னால் அதைப் படித்தார்கள். படிக்கக் கூடாது என்றால் கச்சேரியே வேண்டாம் என்றார்கள். சில்லி குழுவின் பாடகி தமாரா டான்ஸ் அதில் முன்நின்றவர். எங்களை மேற்கோடு சேர்த்துவிடு என்று அவர்கள் கேட்கவில்லை. இந்த நாட்டில் வாழ விரும்புகிறோம், இதை மாற்றப் பேசுங்கள், புதிய இயக்கங்களைக் குற்றவாளிகளாக்காதீர்கள் என்று கேட்டார்கள். அட்டை கொடுத்து வளர்த்த பிள்ளைகள் கடைசி நேரத்தில் சோஷலிசத்தைக் காப்பாற்ற ஒரு வழி சொன்னார்கள். கேட்க அரசுக்குக் காது இருக்கவில்லை. ஒட்டுக்கேட்க மட்டுமே அது பழகியிருந்தது. நவம்பர் 9இல் சுவர் திறந்தது.

பிறகு விடுதலைதானே என்றால், அதையும் பார்க்க வேண்டும். ஒன்றுபட்ட ஜெர்மனியில் 'டி.டி. 64' - அப்போது முழு வானொலி நிலையமாகியிருந்தது - மூடப்படும் நிலை வந்தது. 1991இலும் 1992இலும் கிழக்கின் இளைஞர்கள் அதைக் காப்பாற்றத் தெருவில் இறங்கினார்கள். 1993இல் அது பெயரும் மாறி வேறொன்றாகிவிட்டது. ஒரு காலத்தில் கட்சியின் குரலாக இருந்த நிலையம். கடைசி ஆண்டுகளில் பிள்ளைகள் அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டிருந்தார்கள். கமிஷனிடமிருந்து தப்பித்த பாட்டு கணக்குப்பிள்ளையிடம் மாட்டிக்கொண்டது. சந்தை அட்டை கேட்காது. 'நீ விற்கவில்லை, ஆகவே நீ இல்லை' என்று மட்டும் சொல்லும்.

இரண்டுக்கும் நடுவில் நாம் எங்கே நிற்கிறோம்? இயக்கத் தோழர்களிடமும் மாணவர்களிடமும் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். நம் கூட்டங்களிலும் பாட்டு இருக்கிறது. பேச்சாளர் வரும்வரை ஜனத்தை உட்காரவைக்கப் பாட்டு, கொள்கையை வாயில் ஊட்டப் பாட்டு என்று அதை வேலைக்காரனாக வைத்திருக்கிறோமா? நம் பிள்ளை காதில் மாட்டிக்கொண்டு ஏதோ கேட்கிறான். சீரழிவு என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போகிறோம். என்ன கேட்கிறாய், அதில் உனக்கு என்ன கிடைக்கிறது என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பெண்பிள்ளை ஆடினால் நம் முகம் என்ன ஆகிறது?

விமர்சனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பாட்டு பெண்ணை இழிவுபடுத்தினால், சாதிப் பெருமை பேசினால், சண்டை போடுவோம். சண்டை போடுவது சமமானவர்கள் செய்கிற வேலை. உரிமம் கொடுப்பதும் பறிப்பதும் எஜமானன் வேலை. லைப்சிக் பிள்ளைகளிடம் கட்சி சண்டை போட்டிருந்தால் அவர்கள் பதில் பேசியிருப்பார்கள், கட்சியும் கொஞ்சம் கற்றிருக்கும். அது அவர்களை நிலக்கரி வெட்ட அனுப்பியது. இருபத்துநான்கு ஆண்டு கழித்து அதே லைப்சிக்கின் தெருக்களில்தான் திங்கட்கிழமை ஊர்வலங்கள் பெருகின. 1989 அக்டோபர் 9இல் மட்டும் 70,000 பேர். அந்தக் கூட்டத்தில் பழைய பீட் பையன்கள் நடுவயதுக்காரர்களாக நடந்திருப்பார்கள். தங்கள் பிள்ளைகளோடும் நடந்திருக்கலாம்.

நாளை நாம் ஜெயிப்போம். ரப்பர் ஸ்டாம்பும் மைப்பெட்டியும் நம் மேசைக்கு வரும். எதிரே ஒரு பொடியன் கிதாரோடு வந்து நிற்பான், அல்லது பறையோடு, அல்லது நமக்குப் பெயர்கூடத் தெரியாத ஏதோ ஒரு கருவியோடு. அவன் நம்மைப் புகழ்ந்து பாட வந்தவனாக இருக்க மாட்டான். அந்த நாளில் நம் கை ஸ்டாம்பைத் தேடுமா, தாளம் போடுமா? இதை ஜெயித்த பிறகு யோசிக்கலாம் என்று தள்ளிப்போட்டவர்களின் நாடுதான் வரைபடத்தில் இல்லாமல் போனது.

எழுதுங்கள். மறுத்தும் எழுதுங்கள். விவாதிப்போம்.